நாப்ஃப்ளர் டோன்: கடைக்குப் போகுமுன் வலதுகையைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்' ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் மார்க் நாப்ஃப்ளரின் கிட்டார் டோனை (ஒலியின் தன்மையை) வீட்டிலேயே கொண்டுவருவது எப்படி என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு தமிழ் நாளிதழ் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதே பெரிய சந்தோஷம். அதுவும் பெங்களூரு பதிப்பில் வந்தது பொருத்தம்தான். 2005 மார்ச்சில் பேலஸ் மைதானத்தில் அவர் வாசித்ததை நேரில் கேட்டவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் கட்டுரையில் பாதிக்கு மேல் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலாக இருக்கிறது. விலையுயர்ந்த கிட்டார், சத்தத்தின் ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல், வால்வ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எல்லாம் வந்துவிட்டன. வலதுகையைப் பற்றி ஒரு வரி இல்லை. போதாததற்கு, வயரிங் பற்றிச் சொன்ன ஒரு விஷயம் தவறு. அதை நம்பிப் பிள்ளைகள் சால்டரிங் அயர்னை எடுத்துக் கிட்டாரைப் பிரித்தால், இருக்கிற டோனும் போய்விடும். கடிதம் நீளமாக இருப்பதற்கு அதுதான் காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையிலிருந்து தொடங்குகிறேன். நாப்ஃப்ளர் தன் பெயர்பெற்ற வாசிப்புக்குப் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) பிடிப்பதில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும்தான் மீட்டுகின்றன. மோதிரவிரலும் சுண்டுவிரலும் கிட்டாரின் உடம்பில் ஊன்றியிருக்கும். இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்றாலும், வலதுகைக்காரர்களைப் போலவே கிட்டாரைப் பிடித்து வாசிப்பவர். பிக் கம்பியைத் தொடும் இடம் கத்தி முனைபோலக் குறுகலானது. அது மேல் ஹார்மோனிக்குகளை (அடிநாதத்தோடு சேர்ந்து ஒலிக்கும் நுண்நாதங்களை) அதிகமாகக் கிளப்பிவிடும். விரல் சதை அகலமானது, உருண்டையானது. அதனால் அடிநாதம் கனமாகவும் மேல்பகுதி வழுவழுப்பாகவும் வரும். வீணையைக் கேட்டுப் பழகிய காதுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஒரே வீணையில் நகத்தால் மீட்டினால் ஒரு நாதம், சதை பட்டால் வேறு நாதம்.

சதை மட்டும் என்றால் மொத்தமும் மந்தமாகிவிடுமே, அந்தச் 'சுளீர்' எங்கிருந்து வருகிறது? மீட்டும் திசையிலிருந்து. பிக் கம்பியைக் கிட்டாரின் முகத்துக்கு இணையாகத் தள்ளுகிறது. ஆள்காட்டி விரலோ கம்பிக்கு அடியில் லேசாக நுழைந்து மேல்நோக்கித் தூக்கி விடுகிறது. விடுபட்ட கம்பி கீழே பாய்ந்து ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் பாட ஆரம்பிக்கும். அந்த ஒரு தட்டுதான் நாப்ஃப்ளர் வாசிப்பில் ஒவ்வொரு சொற்றொடரின் தொடக்கத்திலும் கேட்கிற வெடிப்பு. எந்தப் பெடலும் இதைத் தராது. ட்ரெபிளைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும்.

பழகும் முறையைச் சொல்கிறேன். சுண்டுவிரல் நுனியை முதல் கம்பிக்குக் கீழே பிக்கார்டின் (உடம்பின் மேலுள்ள பிளாஸ்டிக் தகட்டின்) மேல் வையுங்கள்; மோதிரவிரல் அதை ஒட்டியே இருக்கட்டும். கட்டைவிரலுக்கு 4-ஆம் கம்பியும் அதற்கு மேலுள்ள தடித்த கம்பிகளும், ஆள்காட்டிக்கு 3-ஆவதும் 2-ஆவதும், நடுவிரலுக்கு முதல் கம்பியும் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். பின்னால் கட்டைவிரல் 3-ஆம் கம்பிக்கும் 2-ஆம் கம்பிக்கும்கூடத் தாராளமாக இறங்கிவரும். மீட்டும் இடம் கழுத்துப் பக்கப் பிக்-அப்புக்கும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) நடு பிக்-அப்புக்கும் இடையில் இருக்கட்டும். பிரிட்ஜை (உடம்பில் கம்பிகள் ஊன்றியிருக்கும் பாலத்தை) ஒட்டி மீட்டினால் கம்பி விறைத்து ஒலிக்கும், சதையின் பலன் தெரியாது.

இங்கே மூன்று தவறுகள் வழக்கமாக நடக்கும். விரலைக் கம்பிக்கு அடியில் ஆழமாகக் கொக்கி போடுவது முதலாவது. அப்படித் தூக்கினால் கம்பி இழுபட்டு, சுரம் தொடக்கத்தில் ஏறி, பிறகு இறங்கும். சில சமயம் கம்பி ஃப்ரெட்டின் விளிம்பைத் தாண்டியே போய்விடும். விரல் நுனியில் 2, 3 மி.மீ. சதை மட்டும் கம்பிக்கு அடியில் போனால் போதும். இரண்டாவது, சுண்டுவிரலை ஊன்றுகோல்போல அழுத்துவது. மணிக்கட்டு இறுகி, கால்மணி நேரத்தில் முன்கை வலிக்கும். தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், தாங்கக் கூடாது. மூன்றாவது, கிளாசிக்கல் கிட்டார் படித்த பிள்ளைகளுக்கு வருவது: மோதிரவிரல் தானாக முதல் கம்பிக்கு ஓடும். அதை ஓடவிட்டால் நடுவிரலின் வலுவான தூக்கல் கிடைக்காது. ஊன்றலும் கலைந்து ஒலி மென்மையாகிவிடும். பழக்கத்தை மாற்ற இரண்டு மூன்று மாதமாவது ஆகும். அவசரப்பட வேண்டாம்.

மீட்டுவதைப் போலவே நிறுத்துவதும் டோன்தான். ஒரு சுரத்தை மீட்டிய விரல் மறுபடி அதே கம்பியில் வந்து அமர்ந்து ஒலியை வெட்டிவிட வேண்டும். மிருதங்கத்தில் சாப்புக்கு அடுத்து விழும் மூடின சொல் எப்படி அந்தச் சாப்பை எடுத்துக்காட்டுகிறதோ, அதைப் போல. நாப்ஃப்ளரின் தாளப்பகுதியைக் கவனியுங்கள். மெல்லிய மூன்று கம்பிகளில் மூன்று சுரம் மட்டுமே உள்ள சின்னச் சின்னக் கார்டுகள், கட்டைவிரலும் இரு விரல்களும் சேர்ந்து கிள்ளியது, உடனே மூடப்பட்டது. ஆறு கம்பியையும் வழித்து அடித்தால் அந்த இடைவெளிகள் நிரம்பி, பாட்டே வேறாகிவிடும்.

1978-ல் வெளிவந்த 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' பாட்டின் முடிவில் வரும் வேகமான பகுதியை எல்லாரும் முதலில் பழக ஆசைப்படுகிறார்கள். இடதுகைக்கு அது அவ்வளவு கடினமில்லை. டி மைனருக்கு முதல் கம்பியில் 13-ஆம் ஃப்ரெட், அதிலிருந்து 10-க்கு இழுத்துவிடுதல், 2-ஆம் கம்பியில் 10: சுரங்கள் எஃப், டி, ஏ. பி ஃப்ளாட்டுக்கு முதல் கம்பியில் அதே 13, 10. 2-ஆம் கம்பியில் 11. சி கார்டுக்கு 15, 12. 2-ஆம் கம்பியில் 13. சிக்கல் எங்கே என்றால், 13-லிருந்து 10-க்கு வரும்போது சுண்டுவிரலை அப்படியே மேலே எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் இரண்டாவது சுரம் காணாமல் போகும். சுண்டுவிரல் கம்பியைத் தரைப்பக்கமாகச் சற்று இழுத்து, அதுவே ஒரு மீட்டுப் போல விட வேண்டும். மெட்ரோனோமில் 70-ல் வைத்து மூன்று சுரமும் ஒரே அளவு சத்தத்தில் வருகிறதா பாருங்கள். வந்தால் 5, 5 ஆக ஏற்றுங்கள். பாட்டின் வேகம் ஏறத்தாழ 148. கிட்டாரில் கொஞ்சம் கூடுதல் ஓவர்டிரைவ் வைத்தால் இழுத்துவிடும் சுரங்கள் சுலபமாக வரும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். வரும், ஆனால் மூன்று சுரமும் கூழாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தப் பதிவில் மணி மணியாகப் பிரிந்து கேட்பதற்கே ஆம்ப் சுத்தமாக இருப்பதுதான் காரணம்.

இவ்வளவு சொன்னதால் கருவி முக்கியமில்லை என்று அர்த்தமில்லை. அந்தப் பாட்டையே நாப்ஃப்ளர் முதலில் உலோக உடம்புள்ள நேஷனல் ஸ்டீல் கிட்டாரில்தான் அமைத்தார். சுவாரசியமற்றதாகவே அவருக்குப் பட்டது. 1977-ல் ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் முதன்முதலாகக் கைக்கு வந்ததும் பாட்டு உயிர்பெற்றது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே ஸ்ட்ராட் வகைக் கிட்டார் தேவைதான். ஆனால் அவருடைய 1961 மாடலோ, அவர் பெயரில் 2003-ல் ஃபெண்டர் விட்ட மாடலோ வேண்டும் என்பதில்லை. மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்-அப், அவற்றைத் தேர்ந்தெடுக்கும் 5 நிலை ஸ்விட்ச், நேரான நெக் (கழுத்து). இது மூன்றும் உள்ள எந்தக் கிட்டாரும் போதும்.

இனி ஸ்விட்ச். கட்டுரையின் தவறு இங்கேதான் இருக்கிறது. பிரிட்ஜ் பக்கமிருந்து எண்ணினால் 2-ஆவது நிலை, அதாவது பிரிட்ஜ் பிக்-அப்பும் நடு பிக்-அப்பும் சேர்ந்து ஒலிப்பது, அதுதான் நாம் தேடும் இடம். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது ஸ்விட்சுக்கு 3 நிலைதான். வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே சிக்கவைத்து இந்த ஒலியைக் கண்டுபிடித்தார்கள். 1977-ல்தான் ஃபெண்டர் 5 நிலை ஸ்விட்சைப் போட்டது. இந்த ஒலியை 'அவுட் ஆஃப் ஃபேஸ்' (இரண்டு பிக்-அப்பின் அலைகளும் ஒன்றுக்கொன்று தலைகீழ்) என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். கட்டுரையாசிரியர் அதை அப்படியே நம்பி, நடு பிக்-அப்பின் இரண்டு வயர்களையும் மாற்றிச் சால்டர் செய்யச் சொல்கிறார். கூடாது. அந்த நிலையில் இரு பிக்-அப்களும் ஒரே ஃபேஸில்தான், இணையாகத்தான் இருக்கின்றன. உள்ளீடற்றதுபோல ஒலிப்பதற்குக் காரணம் வேறு: ஒரே கம்பியை இரண்டு பிக்-அப்கள் இரண்டு இடத்தில் கேட்கின்றன. சில ஹார்மோனிக்குகள் ஓரிடத்தில் மேலே போகும் கணத்தில் மற்ற இடத்தில் கீழே போகும். கூட்டும்போது அவை மட்டும் அழிந்து, நடுப்பகுதியில் ஒரு குழி விழுகிறது. உண்மையிலேயே வயரை மாற்றினால் அடிநாதம் மொத்தமாக அழியும். தகர டப்பாவுக்குள் வாசிப்பதுபோல மெலிந்து, சத்தமும் சரிபாதிக்குக் கீழே போகும்.

கிட்டாரைப் பிரிக்காமலே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கிட்டாரில் கேபிளைச் சொருகி, வால்யூமையும் டோன்களையும் 10-ல் வையுங்கள். கேபிளின் மறுமுனையில் பிளக்கின் நுனியில் ஒரு முள், அதன் தண்டில் இன்னொரு முள். மீட்டர் 20 கிலோ ஓம் அளவில் இருக்கட்டும். ஸ்விட்சை 1-லும் 3-லும் 5-லும் வைத்தால் ஒவ்வொரு பிக்-அப்பும் ஏறத்தாழ 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை காட்டும். சில மலிவான செட்டுகளில் 7 கூட இருக்கும். இப்போது 2-ல் வையுங்கள். எண் பாதியாக, ஏறத்தாழ 3-க்கு இறங்க வேண்டும். இரண்டு பிக்-அப் இணையாகச் சேர்ந்திருப்பதற்கு அதுதான் சாட்சி. இறங்காமல் 6-லேயே நின்றால் ஒரு பிக்-அப் சேரவே இல்லை; ஸ்விட்சின் தகடு அழுக்குப் பிடித்திருக்கும். எண் நிற்காமல் ஆடினாலும் அதேதான். தகடு வெளியே தெரியும் ஸ்விட்சானால் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒரு முறை அடித்து, 20 தடவை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் சரியாகும். மூடிய பெட்டி மாதிரி ஸ்விட்சானால் மாற்றத்தான் வேண்டும். மாதக்கணக்காக ஒரே ஒரு பிக்-அப்பில் வாசித்துக்கொண்டே, "டோன் வரவில்லை" என்று புது பெடல் தேடுகிறவர்களுக்கு இந்த இரண்டு நிமிடச் சோதனை எவ்வளவோ செலவை மிச்சப்படுத்தும்.

எண் 3-க்கு இறங்குகிறது, ஆனால் ஒலி மட்டும் மெலிந்து தகரமாக இருக்கிறது என்றால், அந்த ஒரு நிலைமையில் மட்டும்தான் நடு பிக்-அப்பின் வயர்களை மாற்றுவது நியாயம். பிக்-அப்பைத் தனித்தனியாக வேறு வேறு இடத்தில் வாங்கிப் போட்ட கிட்டார்களில் இது நேரும்.

டோன் குமிழைப் பற்றி ஒன்று. பழைய முறை வயரிங்கில் பிரிட்ஜ் பிக்-அப்புக்குத் தனியாக டோன் குமிழ் கிடையாது. ஆனால் 2-ஆவது நிலையில் நடு பிக்-அப்பின் டோன் குமிழ் இரண்டையும் சேர்த்தே மட்டுப்படுத்தும். அதனால் கடைசிக் குமிழ் 10-ல் இருக்கட்டும். 6-க்கு இறக்கினாலே 'குவாக்' என்று சொல்லும் அந்த உள்ளீடற்ற ஒலி மங்கிவிடும். குமிழ் கரகரத்தால் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் கேளுங்கள். வால்யூமுக்கு 'ஏ' வகை, அதாவது லாக் என்று சொல்லி வாங்குங்கள். லீனியர் வகையைப் போட்டால் 10-லிருந்து 3 வரை ஒன்றுமே ஆகாததுபோல இருந்து, கடைசியில் சட்டென்று சத்தம் போய்விடும். 500 கிலோ ஓம் போட்டால் மேல்பகுதி கூசும்.

பிக்-அப் உயரம்தான் அநேகமாக எல்லாரும் கோட்டைவிடும் இடம். சத்தம் கூடட்டும் என்று திருகித் திருகிக் கம்பிக்கு அருகே ஏற்றிவிடுகிறார்கள். சிங்கிள் காயிலின் காந்தத் தூண்கள் நேரே கம்பிக்கு அடியில் இருப்பதால், மிக அருகில் போனால் காந்தமே கம்பியைப் பிடித்து இழுக்கும். தடித்த கம்பியில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரே சுரம் இரண்டு சுருதியாக ஊசலாடுவதுபோல் கேட்கும், நீடிப்பும் குறையும். ட்யூனரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பாகத்துக்கும் காந்தத் தூணுக்கும் இடையே தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. வையுங்கள். வலுவான பிக்-அப்பாக இருந்தால் இன்னும் இறக்க வேண்டும். அதன் பிறகு 2-ஆவது நிலையைக் கேட்டுக்கொண்டே நடு பிக்-அப்பை மட்டும் கால் சுற்றுக் கால் சுற்றாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் சம அளவு ஒலிக்கும் ஓரிடத்தில் அந்தக் குழிவு 'டக்'கென்று திறக்கும். இந்த ஒரு திருகாணியில் கிடைக்கும் மாற்றம் எந்தப் புது பிக்-அப்பிலும் கிடைக்காது என்று தைரியமாகச் சொல்வேன்.

கம்பியின் உயரத்தைத் தரையோடு தரையாக இறக்கிவிடாதீர்கள். முன்னே சொன்ன ஃப்ரெட்டில் தட்டும் ஒலி, கம்பிக்குப் பாய இடம் இருந்தால்தான் வரும். 17-ஆம் ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. நல்ல அளவு. நெக்கின் வளைவு, முதல் ஃப்ரெட்டில் கேப்போவும் (கம்பிகளை அழுத்தும் கவ்வி) கடைசி ஃப்ரெட்டில் விரலும் வைத்து அழுத்தினால், 8-ஆம் ஃப்ரெட்டில் 0.25 மி.மீ. இருக்க வேண்டும்; ஒரு விசிட்டிங் கார்டு லேசாக உரசிப்போகும் இடைவெளி. பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் வறட்சிக்கும் ஜூலைக்குப் பிந்தைய ஈரத்துக்கும் இந்த வளைவு மாறும். அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை பார்ப்பது நல்லது. ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் கம்பியை) கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். திருப்பியபின் ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

கம்பி 0.009 அங்குலத் தடிமனில் தொடங்கும் நிக்கல் செட் போதும். தினமும் வாசிப்பவருக்கு நாலிலிருந்து ஆறு வாரத்தில் அதன் 'பளிச்' போய்விடும். ஒரு கம்பியை வளைத்துக்கொண்டே பக்கத்துக் கம்பியையும் சேர்த்து மீட்டுவது இந்தப் பாணியில் அடிக்கடி வரும். ஸ்பிரிங்கில் அசையும் ட்ரெமோலோ பிரிட்ஜ் உடம்பில் படாமல் மிதந்துகொண்டிருந்தால், ஒன்றை வளைக்கும்போது மற்றது சுருதி இறங்கி அபஸ்வரமாகும். பின்பக்க மூடியைத் திறந்து 3 ஸ்பிரிங்கை 5 ஆக்கி, பிரிட்ஜ் உடம்பில் படுக்கும்வரை இறுக்கிவிடுங்கள். வளைத்துவிட்டுத் திரும்பும்போது 'டிங்' என்று சத்தம் கேட்டுச் சுருதி விலகினால் தவறு நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் காடிக் கட்டையில்) இருக்கிறது. 2பி பென்சிலை அந்தக் காடியில் தேய்த்தால் அடங்கும்.

ஆம்ப் வால்வாக இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. சுத்தமாக ஒலித்து, விரலால் ஓங்கித் தூக்கும்போது மட்டும் விளிம்பில் லேசாகக் கீறல் விழுகிற இடம்வரை வால்யூமை ஏற்ற வேண்டும். ட்ரெபிள் 6, மிடில் 5, பாஸ் 4, ரிவர்ப் 2 என்று தொடங்குங்கள். அடுக்குமாடி வீட்டில் மெதுவாக வைத்துச் சரிசெய்த அளவு மேடையில் உதவாது. சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்கு அடிநாதமும் மேல்நாதமும் குறைவாகக் கேட்பதால் இரண்டையும் கூட்டி வைத்திருப்போம். அதே அளவு பெரிய சத்தத்தில் காதைக் கிழிக்கும். இடம் மாறினால் மறுபடி முதலிலிருந்து வையுங்கள்.

மின்சாரத்தைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்பை நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் ஃப்யூஸோடு போனால் அதிர்ஷ்டம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் வாட் அளவைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். எர்த் கம்பி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிறதா என்று மீட்டரால் பார்த்துவிட்டு வாங்குங்கள். எர்த் சரியாக இல்லாத பழைய வாடகை வீடுகளில் 'ஹம்' வருகிறது என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கிட்டார் கம்பிகள் ஆம்பின் உலோகப் பெட்டியோடு இணைந்தவை. உள்ளே ஒரு பழுது என்றால் மின்சாரம் நேரே பிள்ளையின் விரலுக்கு வரும். வாடகையானாலும் வீட்டுக்காரரிடம் சொல்லி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

சிங்கிள் காயிலுக்கே உரிய ரீங்காரம் வேறு விஷயம். ஃபேன் ரெகுலேட்டர், மங்கலாக்கும் எல்.இ.டி. விளக்கு, லேப்டாப் சார்ஜர் எல்லாம் அதைக் கூட்டும். ஆம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து, கிட்டாரோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் வெகுவாகக் குறையும். இப்போதைய கிட்டார்கள் பலவற்றில் நடு பிக்-அப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் தலைகீழாக இருப்பதால் 2-ஆவது நிலையில் ரீங்காரம் தானே அடங்கிவிடும். கம்பியைத் தொட்டால் சத்தம் குறைந்தால் அது இயல்பு. தொட்டால் கூடினால் ஜாக்கிலோ பிரிட்ஜ் வயரிலோ தவறு.

பெடல்களில் ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் கம்ப்ரஸர். அதுவும் கை பழகிய பிறகு. விகிதம் 3-க்கு 1, அட்டாக் (சத்தத்தை அமுக்கத் தொடங்க அது எடுத்துக்கொள்ளும் நேரம்) 20 முதல் 30 மில்லி செகண்ட். அட்டாக்கை இதைவிட வேகமாக வைத்தால் ஃப்ரெட்டில் தட்டும் ஒலியை முதலில் நசுக்கிவிடும். விரல் உழைத்ததெல்லாம் வீண். கம்ப்ரஸரை முதல் நாளே போட்டுக்கொள்கிறவர்களுக்கு எந்த விரல் பலமாக அடிக்கிறது, எது மெலிந்து அடிக்கிறது என்பது கடைசிவரை தெரியாமலே போகும். அதுதான் எனக்குள்ள பெரிய வருத்தம்.

ஃபோனிலோ கம்ப்யூட்டரிலோ ஆம்ப் செயலியை வைத்து வாசிப்பவர்கள்தான் இன்று அதிகம். தவறில்லை. ஆனால் கிட்டாரை அவற்றோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று போட்ட வாயிலில், ஏறத்தாழ 1 மெகா ஓம் உள்ளதில்தான் சொருக வேண்டும். லைன் வாயிலில் சொருகினால் பிக்-அப்பின் மேல்பகுதி அப்படியே தரையிறங்கிவிடும். பிறகு எந்த ஈக்வலைஸராலும் மீட்க முடியாது. பலமாக மீட்டும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலில் நிற்கட்டும். பின்புறம் திறந்த, 12 அங்குல ஒற்றை அல்லது இரட்டை ஸ்பீக்கர் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். நான்கு ஸ்பீக்கர் மூடிய பெட்டி ராக் இசைக்குச் சரி, இதற்குக் கனம் அதிகம். கேபிள் நீளமும் கணக்கில் வரும். 3 மீட்டர் போதும் இடத்தில் 10 மீட்டர் போட்டால் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் கூடி 'பளிச்' மங்கும்.

1985-ல் வந்த 'மணி ஃபார் நத்திங்' டோன் வேறு குடும்பம். இரண்டையும் கட்டுரை ஒரே பத்தியில் கலந்துவிட்டது. அது கிப்ஸன் கிட்டார், லேனி ஆம்ப், மான்ட்செராட் தீவின் ஏர் ஸ்டூடியோவில் மைக் தற்செயலாகத் தரையைப் பார்த்துத் திரும்பியிருந்த நிலையில் பதிவானது. ஸ்ட்ராட்டை வைத்துக்கொண்டு அதைத் துரத்த வேண்டாம். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்-அப்) கிட்டாரின் பிரிட்ஜ் பிக்-அப், மிதமான டிஸ்டார்ஷன், அதற்கு முன்னால் காலால் அசைத்து நாதத்தை மாற்றும் வா பெடலைப் பாதியில் நிறுத்தி வைத்தால் அந்த மூக்கடைத்த நடுநாதத்துக்குக் கிட்டே வரலாம். அங்கேயும் பிக் கிடையாது, அதே மூன்று விரல்தான்.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். சத்தம் கூடியதே நல்லதென்று காது ஏமாற்றும். உங்கள் வாசிப்பைப் பதிவுசெய்து மறுநாள் காலையில் கேட்பது இன்னும் நல்லது.

ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில் வேறெதற்கு இடமில்லாவிட்டாலும், நடு பிக்-அப்பின் வயர்களை மாற்றத் தேவையில்லை என்ற திருத்தத்தை மட்டுமாவது வெளியிடுங்கள். ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள், மாற்றிய அந்த இரண்டு வயர்களையும் பழைய இடத்துக்கே திருப்பிச் சால்டர் செய்தால் போதும். பிக்-அப்புக்குச் சேதம் எதுவும் ஆகியிருக்காது.

இப்படிக்கு,
கிட்டார் கற்பிக்கும் வாசகர்,
அல்சூர், பெங்களூரு